நாடுகளுக்கு இடையில்

தமிழாசிரியருக்குப் பன்னாட்டு அரசியலில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். முறையான வினாதான். சங்கப் பாடலும் இலக்கணமும் கற்பித்துக் காலம் கழித்துவந்த நாம், சென்ற கல்வியாண்டின் தொடக்கம்வரை அத்துறையின் வாயிற்படியைக்கூட மிதித்ததில்லை. அரசியல் அறிவியல் துறையில் பணியாற்றும் நண்பர் ஒருவர் ஒருநாள் மாலை கையெழுத்துத் தாள்கள் சிலவற்றுடன் ஆசிரியர் அறைக்கு வந்தார். தமிழ்வழியில் பயிலும் இளங்கலை மாணவர்களுக்குப் ‘பன்னாட்டு உறவுகள்’ என்னும் பாடத்துக்கு மனநிறைவான குறிப்பு ஒன்றும் அகப்படாமையால் அவரே எழுதத் தொடங்கியிருந்தார். “பொருள் என் பொறுப்பு, சொல் உங்கள் பொறுப்பு” என்று கூறித் தாள்களை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஏறத்தாழ நூறு பக்கம். ஒற்றுப்பிழை திருத்தி ஒரு வாரத்தில் திருப்பித் தந்துவிடலாம் என எண்ணினோம். ஐந்து திங்கள் ஆயின.

முதற் பக்கத்திலேயே இடறினோம். ஆங்கில நூல்கள் ‘ஸ்டேட்’ என்று சொல்லும் ஒன்றை நண்பர் ஓரிடத்தில் அரசு என்றும், வேறோரிடத்தில் நாடு என்றும், மற்றோரிடத்தில் தேசம் என்றும் எழுதியிருந்தார். நாளிதழ்த் தமிழில் அரசு என்றால் கோட்டையில் அமர்ந்து ஆணை பிறப்பிக்கும் அமைச்சரவை. தேர்தலில் தோற்றால் அது போய்விடும். இத்துறை பேசும் அரசோ போவதில்லை. ஓர் ஆட்சி இட்ட கையொப்பம் அடுத்து வரும் ஆட்சியையும் கட்டுப்படுத்துவது அதனால்தான். 1933இல் உருகுவேயின் மொண்டேவீடியோ நகரில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை, ஒன்றை அரசு என்று அழைப்பதற்கு நான்கு தகுதிகளை வகுத்தது. நிலையான மக்கள்தொகை வேண்டும், வரையறுத்த நிலப்பரப்பு வேண்டும், ஆட்சியமைப்பு வேண்டும், பிற அரசுகளோடு உறவு கொள்ளும் ஆற்றல் வேண்டும். இந்நான்கும் உடையதற்கு ‘அரசு’ என்ற சொல்லையும், அமைச்சரவைக்கு ‘அரசாங்கம்’ என்ற சொல்லையும், உணர்வால் ஒன்றுபட்ட மக்கள் திரளுக்குத் ‘தேசம்’ என்ற சொல்லையும் ஒதுக்கினோம். ‘நாடு’ என்னும் சொல்லை என்ன செய்வதென்று விளங்கவில்லை. மண், மக்கள், ஆட்சி ஆகிய மூன்றையும் அது ஒருங்கே சுமந்து நிற்கிறது. கொங்குநாடும் நாடுதான், சீனமும் நாடுதான். அதனைப் பேச்சுவழக்குக்கு விட்டுவிட்டோம்.

அடுத்த இடறல் ‘அராஜகம்’. இத்துறையின் அடித்தளமே இக்கருத்தின்மீதுதான் எழுந்தது என்றார் நண்பர். தமிழில் அராஜகம் என்றால் கல்லெறியும் கடையடைப்பும் நினைவுக்கு வரும். இங்கே அதன் பொருள் வேறு. ஓர் ஊரில் இருவர் வழக்கிட்டால் அவர்களுக்கு மேலே நீதிமன்றம் உண்டு. நீதிமன்றத்தின் பின்னே காவல்துறை உண்டு. அரசுகளுக்கு மேலே அப்படி ஒன்றும் இல்லை. ஐக்கிய நாடுகள் அவை உண்டே எனலாம். அது 193 அரசுகள் கூடும் மன்று, அவற்றை ஆளும் வேந்தன் அன்று. ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றமும் வழக்காடும் அரசுகளின் இசைவு இருந்தாலன்றி அரசுகளுக்கிடையிலான வழக்கொன்றை விசாரிக்க இயலாது. மேலோர் எவரும் இல்லாத இந்நிலைக்கே அப்பெயர். எல்லையில் அமைதி நிலவும் காலத்திலும் அது நீங்குவதில்லை. மேலோர் இல்லாத இடத்தில் ஒருவன் தற்காப்புக்கென வடிக்கும் வேல் பக்கத்து வீட்டானுக்கு அச்சுறுத்தலாகத் தோன்றும். அவனும் ஒன்று வடிப்பான். இருவருக்கும் முன்னைவிட அச்சம் மிகும். ‘மேலாண்மையின்மை’ என்று எழுதி, அலுவலக மேலாளர் நினைவுக்கு வந்து அடித்துவிட்டு, ‘தலைமையின்மை’ என எழுதினோம். நிறைவில்லை, ஆயினும் கல்லெறி நீங்கிற்று.

இத்துறை பிறந்த கதையை நண்பர் மூன்று வரியில் முடித்திருந்தார். நாம் வற்புறுத்தி அதனை ஒரு பக்கமாக்கினோம். முதல் உலகப் போரில் மடிந்த மாணவர்களின் நினைவாக, வேல்ஸின் கடலோரச் சிறுநகரான அபெரிஸ்ட்வித்தில் டேவிட் டேவிஸ் என்னும் செல்வரும் அவர்தம் தங்கையர் இருவரும் அளித்த கொடையால் 1919இல் ஒரு பேராசிரியர் இருக்கை அமைந்தது. பன்னாட்டு அரசியலுக்கென எழுந்த முதல் இருக்கை அது. போர் மூளும் காரணத்தை அறிந்தால் அடுத்த போரைத் தவிர்க்கலாம் என்னும் நம்பிக்கையே அதன் அடிக்கல். 1936இல் அவ்விருக்கைக்கு வந்த இ. எச். கார் அந்த நம்பிக்கையையே ஐயுற்றார். உலகம் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதை எண்ணி, எவ்வாறு இருக்கிறது என்பதைக் காணத் தவறினோம் என்று வாதிட்ட அவர் நூல் 1939இல் வெளிவந்தபோது இரண்டாம் போர் தொடங்கிவிட்டிருந்தது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்த யூதரான ஹான்ஸ் மோர்கெந்தாவ், அரசுகள் அதிகாரத்தை அளவுகோலாகக் கொண்டே தம் நலனைக் கணக்கிடுகின்றன என்னும் நோக்கை 1948இல் பெருநூலாக்கினார். இந்நோக்குக்கு யதார்த்தவாதம் என்று பெயர். (மாணவர் எவரேனும் இதற்கு எடுத்துக்காட்டாகப் புதுமைப்பித்தன் கதையை எழுதிவிடுவாரோ என்று அஞ்சி ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தோம். எழுதினால் மதிப்பெண் தருவேன் என்றார் நண்பர்.) பிணங்களை எண்ணி முடிக்குமுன் தொடங்கிய படிப்பு இது என்பதை மறந்தால், இதன் நூல்கள் காட்டும் இறுக்கம் நமக்கு வெறும் கல்நெஞ்சமாகவே தோன்றும்.

தமிழாசிரியர்க்கே உரிய நோய் ஒன்று உண்டு. அது நம்மையும் விடவில்லை. பக்கந்தோறும் ஓரத்தில் எழுதத் தலைப்பட்டோம். தூது பற்றிய பகுதியில் திருக்குறளின் 69ஆம் அதிகாரம். பகை, நட்பு பற்றிய பகுதியில் பகைத்திறம் தெரிதல். படைவலி காட்டிப் போரைத் தவிர்த்தல் என்ற இடத்தில், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்று, பழகாத படைக்கலங்களை வஞ்சப் புகழ்ச்சியாகப் புகழ்ந்த ஔவையார். அண்டை அரசன் பகைவன், அவனுக்கு அப்பாலுள்ளவன் நண்பன் என்னும் கௌடில்யரின் மண்டலக் கோட்பாட்டையும் விடவில்லை. முடிவில், இத்துறையின் அடிப்படைகள் யாவற்றையும் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டனர் என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்தோம். நண்பர் சிவப்பு மையால் அதனை அடித்தார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான விடைத்தாள்களில் நாம் இட்ட மை நம்மேல் படுவது அதுவே முதன்முறை.

“சங்கப் பாடல்களில் எந்த வேந்தனாவது, என் மண்ணில் எனக்குள்ள உரிமை அவன் மண்ணில் அவனுக்கும் உண்டு என்று கூறியிருக்கிறானா?” என்று கேட்டார்.

அன்றிரவு புறநானூற்றையும் பதிற்றுப்பத்தையும் புரட்டினோம். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று போரை நிறுத்தச் சொன்ன கோவூர்கிழார் கிடைத்தார். இருவரும் ஒரே சோழர் குடி, எவர் தோற்பினும் தோற்பது அக்குடியே என்பது அவர் காட்டும் காரணம். பிறன் மண் பிறனுக்கு உரியது என்பது அங்கே பேச்சன்று. மற்ற இடங்களிலெல்லாம் பகைவர் நாட்டைக் கொள்ளுதலும் எரியூட்டுதலும் வேந்தனின் பெருமையாகவே பாடப்படுகின்றன. இறையாண்மை என்று இத்துறை கூறும் கருத்தின் உயிர்நிலை, ஒருவர் மற்றவரைச் சமமாக ஏற்றுக்கொள்வதில் இருக்கிறது. ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை முடித்த 1648ஆம் ஆண்டின் வெஸ்ட்பேலியா உடன்படிக்கைகளில் அது பிறந்ததாகப் பாடநூல்கள் கூறும்; பின்வந்தோர் புனைந்த கதை அது என மறுக்கும் அறிஞரும் உளர். எங்கே பிறந்தாலும், ஆசியாவும் ஆப்பிரிக்காவும் அதனைப் பெறுவதற்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி வரவேண்டியிருந்தது. இன்று சுமார் 12,000 பேர் வாழும் நௌருத் தீவுக்கும் பொது அவையில் ஒரு வாக்கு. இந்தியாவுக்கும் ஒரு வாக்கு. நம் வாக்கியத்தை நாமே நீக்கிவிட்டோம். ஓரக்குறிப்புகளை மட்டும் நண்பர் பெருந்தன்மையோடு விட்டுவைத்தார்.

திருத்திய தாள்களைத் தட்டச்சு செய்தவர் இறுதியாண்டு மாணவி ஒருவர். கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயில்பவர். அரசின் நான்கு தகுதிகள் உள்ள பக்கத்தை முடித்த அன்று ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றார்.

“ஐயா, நிலையான மக்கள்தொகைன்னா என்னங்க? எங்க பாட்டி அதுல வருவாங்களா?”

அவருடைய பாட்டி ஹட்டன் அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பாட்டியின் தாயும் அங்கேயே பிறந்தவர். இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப்பெரும்பாலோரைக் குடிமக்கள் அல்லாதோர் ஆக்கிற்று. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. இந்தியாவும் அவர்களைத் தன் குடிமக்களாகக் கொள்ளவில்லை. 1964 அக்டோபர் 30 அன்று தில்லியில் பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கு. அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. 1974இல் பேசி, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஏழுபேர் இந்தியாவுக்கு என்றால் நான்குபேர் இலங்கைக்கு என்னும் விகிதத்தில் பணி நடைபெறவேண்டும் என்பது ஏற்பாடு. நௌருவுக்கு ஒரு வாக்கு என்று எழுதிய கையோடு இந்த 9,75,000 என்னும் எண்ணைப் பார்த்தபோது நமக்குப் பேச்சு எழவில்லை.

நண்பர் மறுநாள் வகுப்பை இந்த ஒப்பந்தத்துக்கே ஒதுக்கினார். நாம் கடைசி வாங்கில் அமர்ந்து கேட்டோம். கென்னத் வால்ட்ஸ் 1959இல் எழுதிய நூல் ஒன்றில், போரின் காரணத்தை மூன்று தளங்களில் தேடலாம் என்றார்: மனிதர், அரசின் உள்ளமைப்பு, அரசுகள் சேர்ந்த ஒட்டுமொத்த அமைப்பு. போருக்குச் சொன்னதை ஒப்பந்தத்துக்கும் பொருத்தலாம் என்று கூறிக் கரும்பலகையில் மூன்று வட்டம் வரைந்தார் நண்பர். முதல் வட்டத்தில் தலைவர்கள். அங்கேயே பிறந்து வாழும் மக்கள் இலங்கையின் பொறுப்பே என்பதில் நேரு உறுதியாக இருந்தார். 1964 மே மாதத்தில் அவர் மறைந்தார். ஐந்து மாதத்தில் சாஸ்திரி கையொப்பமிட்டார். இரண்டாம் வட்டத்தில் உள்நாட்டு அரசியல். மலையகத் தொழிலாளரின் வாக்கு இலங்கைத் தேர்தலில் எவருக்குப் பயன்படும், எவருக்கு இடையூறாகும் என்னும் கணக்கு 1948ஆம் ஆண்டிலிருந்தே நடந்துவந்தது. மூன்றாம் வட்டம்தான் நமக்குப் புதிது. 1962இல் சீனத்திடம் அடிபட்ட இந்தியாவுக்கு அண்டை நாட்டு நட்பு இன்றியமையாததாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் அணிசேரா நாடுகள் ஆறினைக் கொழும்பில் கூட்டி, இந்தியாவுக்கும் சீனத்துக்கும் இடையே இணக்கம் காண முயன்றவர் சிறிமாவோ. அவரது நல்லெண்ணத்துக்குத் தில்லியில் ஒரு விலை இருந்தது. வால்ட்ஸைப் படித்திராவிட்டால் நாம் “கொடுமை” என்ற ஒரு சொல்லோடு இச்செய்தியைக் கடந்திருப்போம். நெடுநாள் வராத கணக்குக்கு விடை வந்தாற்போல் இருந்தது.

மாணவி எழுந்தார். “மூணு வட்டத்துலயும் தோட்டம் இல்லையேங்க ஐயா.”

நண்பர் சற்றுநேரம் பலகையையே பார்த்தார். தொழிலாளர் தலைவர் தொண்டமான் இந்த ஒப்பந்தத்தை எதிர்த்ததையும், இலங்கையில் தங்கிவிட விரும்பி விண்ணப்பித்தோர் ஒதுக்கீட்டைவிட மிகுதியாக இருந்ததையும் கூறினார். பிறகு, பன்னாட்டு அரசியலில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடி, வாழைத் தோட்டங்களுக்கும் படைத்தளங்களைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கும் போய்ப் பார்த்து 1989இல் நூல் எழுதிய சிந்தியா என்லோ என்னும் அமெரிக்கப் பேராசிரியரைப் பற்றிச் சொன்னார். அது ஐந்தாம் அலகில் வருகிறது என்றார். ஐந்தாம் அலகுக்கு எந்தக் கல்லூரியிலும் நேரம் இருப்பதில்லை என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்ததே.

நம்மை உறுத்தியது வேறு. பொருள் நண்பர் பொறுப்பு. சொல் நம் பொறுப்பல்லவா? இந்த ஒப்பந்தத்தின்படி வந்தவர்களை அரசுக் கோப்புகள் ‘தாயகம் திரும்பியோர்’ என்று அழைக்கின்றன. குறிப்பின் படியில் நாமும் அச்சொல்லை எழுதி, இலக்கணம் சரியாக இருப்பது கண்டு மகிழ்ந்து, அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தோம். ஹட்டனில் பிறந்து ஹட்டனில் கொழுந்து கிள்ளி, இருபத்து நான்காம் வயதில் முதன்முதலாக இந்திய மண்ணை மிதித்த ஒரு பெண் எங்கே திரும்பினார்? திரும்புதல் என்னும் வினைக்கு முன்பு ஒரு போதல் இருந்திருக்கவேண்டும் என்பதைக் கவனியாமல் தமிழ் கற்பிக்கிறோம்.

மே மாத விடுமுறையில் நண்பரும் நாமும் கூடலூர் சென்றோம். இத்தகைய குடும்பங்களுக்கு வேலை தருவதற்கென்றே நீலகிரியில் மாநில அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றில் அவர்கள் வீடு. பாட்டி எங்களுக்குப் பிளேன்டீ தந்தார். சீனியை உள்ளங்கையில் தனியே வைத்தார். கணவரும் கைக்குழந்தையுமாக 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியதையும், மண்டபம் முகாமில் தங்கியதையும் பிறர் கதைபோல் சொன்னார். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பியபோது தடுத்துவைத்துச் சோதித்த இடமும் அதே மண்டபம்தான் என்பதை நண்பர் நம் காதில் கூறினார். பேச்சின் இடையே பாட்டி பலமுறை ‘ஊர்’ என்றார். ஊரில் மழை கூடுதல். ஊரில் திருவிழா நன்றாக இருக்கும். எந்த ஊர் என்று கேட்டோம். “ஹட்டன்தான்” என்றார். “எங்கம்மா மட்டும் ஊருன்னா திருச்சிப் பக்கத்தைச் சொல்லும். அது பார்த்ததே இல்ல.” இங்கே அக்கம்பக்கத்தார் அவர்களைச் சிலோன்காரர் என்கிறார்கள் என்பதையும், அங்கே இருந்தவரை இந்தியாக்காரர் என்றே அழைத்தார்கள் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பாட்டிக்கு ஓர் அக்காள் உண்டு. அக்காள் கணவர் இலங்கைக்கு விண்ணப்பித்தார். பாட்டியின் கணவர் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். ஏழுக்கு நான்கு என்னும் விகிதம் அந்தக் குடும்பத்துக்குள் இவ்வாறு இறங்கிற்று. 1984இல் கப்பல் நின்றது. கடிதமும் பிறகு நின்றது. இப்போது பேத்தியின் கைப்பேசியில் அக்காளின் முகம் வருகிறது. எண்பது வயது கடந்த அக்காளை நேரில் ஒருமுறை பார்த்துவிடவேண்டும். அதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். அன்று கண்டியில் வாங்கிய பழைய கடவுச்சீட்டு, நெகிழியுறையில் பொதிந்து பெட்டியில் இருந்தது. மாணவி கைப்பேசியில் விண்ணப்பத்தைத் திறந்து வைத்திருந்தார். வந்த விருந்தினருக்கு வேலை கிடைத்தது.

பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஹட்டன் என்றும், நாடு என்ற கட்டத்தில் இலங்கை என்றும் நிரப்பினோம். அடுத்து, இந்தியக் குடியுரிமை எவ்வழியில் வந்தது என்று ஒரு கேள்வி. பிறப்பு, மரபுவழி, பதிவு என்று தெரிவுகள் வரிசையாக நின்றன. நண்பர் பழைய தாள்களை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுப் ‘பதிவு’ என்றார். மாணவி அதைத் தொட்டார்.

“என்னன்னு போட்ட?” என்று பாட்டி கேட்டார்.

“பதிவுன்னு, பாட்டி. பொறப்பால இல்ல, எழுதிக் குடுத்ததால வந்ததுன்னு.”

“அக்காளுக்கு எப்படி?”

ஒப்பந்தத்தை நிறைவேற்ற இலங்கை 1967இல் இயற்றிய சட்டத்தின்படி அங்கே குடியுரிமை பெற்றவர்களும் பதிவுவழிக் குடிமக்களே என்று நண்பர் விளக்கினார்.

“அவளுக்கும் அதுதானா” என்றார் பாட்டி. பிறகு, எங்கள் கோப்பைகள் ஒழிந்திருப்பதைக் கண்டு அடுப்பங்கரைக்கு எழுந்து போனார்.